எழுபது புள்ளிக்கு ஒரு மீன்குழம்புச் சண்டை

பிழை என்னுடையதுதான். அதை நானே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வேறு யாராவது சொன்னால்தான் கோபம் வரும்.

என் மகள் றொசாந்தி லண்டனில் கணினி விஞ்ஞானத்தில் எம்.எஸ்சி. படித்தாள். படிப்பின் முடிவில் பெரிய ஆய்வு ஒன்று செய்து காட்ட வேண்டும். அதில் எழுபது புள்ளி எடுத்தால் டிஸ்ரிங்ஷன். டிஸ்ரிங்ஷன் கிடைத்தால்தான் பி.எச்.டி. இடம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்திருந்தது. முதல் பட்டத்தின் கடைசி வருடம் அவளுடைய அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்குமாக ஓடியதில் பட்டத்தின் வகுப்பு இறங்கிப்போனது. "உங்கட மகள் கெட்டிக்காரி எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கோயில் வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்கள். கேட்ட ஆட்களின் பெயர் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து நான் செபமாலை சொல்லும்போது அருள் நிறைந்த மரியே மன்றாட்டுக்கு நடுவில் எழுபது, எழுபது என்றுதான் என் மனம் ஓடும்.

அவள் எடுத்த ஆய்வு எங்கள் பேச்சைப் பற்றியது. தமிழைக் கேட்டு எழுதுகிற மெஷின்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குச் செய்தி வாசிப்பவரின் தமிழ் விளங்கும். யாழ்ப்பாணத்து, மன்னார் ஆட்கள் வீட்டில் பேசுவது விளங்காது. எங்களில் வயதானவர்கள் டொக்டருக்குப் போன் எடுத்தால், அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி, அதன் கீழே இங்கிலிஷிலும் போடுகிற ஒன்றை றொசாந்தி செய்ய நினைத்தாள். அதற்கு நிறையக் குரல்கள் வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் மெஷின் பழகுமாம்.

"எத்தினை பேர் வேணும், சொல்லு. அம்மா கொண்டு வாறன்" என்றேன்.

நான் பள்ளிக்கூடக் கன்ரீனில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துச் சாப்பாடு போட்ட எனக்கு, மோர்டனில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் நாற்பது பேரைச் சேர்ப்பது பெரிய காரியமா? தமிழ்ப் பூசை முடிந்ததும் நாற்பத்தொரு பேரைப் பிடித்து இருத்தினேன். ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் சொல்லியும் வைத்தேன்.

"மைக்கில பதியப் போகுது. கண்டபடி கதைக்காமல் வடிவாக் கதையுங்கோ. பல்கலைக்கழகத்தில கேப்பினம்."

இதுதான் நான் விட்ட பிழை.

எங்கள் சனத்தின் முன்னால் மைக்கை வைத்துப் பார்க்க வேண்டும்! தேவராசா அண்ணை எழும்பி நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். என் சிநேகிதி பெனிற்றா மன்னார்க்காரி, வாயைத் திறந்தால் மண்டபம் அதிரும். அவளே கண்ணை மூடிக்கொண்டு மன்றாட்டு வாசிப்பதுபோலப் பேசினாள். என் மனுசன் கிறிஸ்துநாயகம் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். அவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எல்லோரும் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்று நான் பூரித்துப்போய் நின்றேன். பேசி முடித்த ஒவ்வொருவருக்கும் தின்ன ஒரு மீன் பற்றிஸ் வேறு கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, வேலையால் வந்த என்னை றொசாந்தி சாப்பாட்டு மேசையில் கூப்பிட்டு இருத்தினாள். பிள்ளையின் முகம் செத்துக் கிடந்தது.

"அம்மா, பதிஞ்சது எல்லாம் வீணாப் போச்சு."

"என்னடி சொல்லுறாய்? நாப்பத்தொரு பேர் வந்து கதைச்சவையெல்லோ?"

"கதைக்கேல்லை அம்மா. பிரசங்கம் வைச்சவை."

அவள் லப்டொப்பைத் தட்டினாள். தேவராசா அண்ணையின் குரல் வந்தது. "நான் அன்றாடம் அதிகாலையில் துயிலெழுந்து, காலைக்கடன்களை நிறைவேற்றிய பின்னர்..."

"தேவராசா மாமா உங்களோட போனில இப்பிடியே கதைக்கிறவர்?"

தேவராசா அண்ணை போனில் "ஆர்? ஆ, சொல்லு" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதே இல்லை.

"இந்தத் தமிழ் பழைய மெஷினுகளுக்கே விளங்கும்" என்றாள் அவள். "நாங்கள் வீட்டில கதைக்கிறது இதில ஒரு மணித்தியாலம் கூட இல்லை. இன்னும் ஒன்பது கிழமைதான் கிடக்கு. இப்பிடியே குடுத்தா ஐம்பத்தஞ்சு தருவினம். அவ்வளவுதான்."

ஐம்பத்தைந்து! யார் மீதாவது பாய வேண்டும்போல இருந்தது. பாய்வதற்கு என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னேன்.

"என்ர போனைத் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பம். சனம் தன்ர பாட்டில கதைக்கட்டும்."

"களவாப் பதியக் கூடாதம்மா! கையெழுத்து வாங்கி, மைக்கைக் கண்ணுக்கு முன்னால வைச்சுத்தான் பதியலாம். அதைப் பாக்க எண்டே பல்கலைக்கழகத்தில ஒரு கொமிற்றி இருக்கு."

பிள்ளையின் அந்த நேர்மை என் வளர்ப்புத்தான். அந்த நேரத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பங்குத் திருவிழாவுக்குக் கிழங்கு வைத்துச் சுருட்டுகிற றோல்ஸ் செய்ய மண்டபத்துக் குசினியில் ஒன்பது பெண்கள் கூடினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், சிவப்பு வெளிச்சம் எரிகிற மைக்கை றொசாந்தி வைத்தாள். அவ்வளவுதான். குசினி பூசைக்கு நடுவில் இருக்கிறமாதிரி அமைதியாகிவிட்டது. "இன்றைய காலநிலை மிகவும் இனிமையாக உள்ளது" என்றாள் பெனிற்றா. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் பொறுத்தேன். மகள் கதவோரம் நின்று நகத்தைக் கடிப்பதைப் பார்த்தேன். பிறகு உருளைக்கிழங்கை மசித்தபடி, ஒருவரையும் பார்க்காமல் சொன்னேன்.

"என்னதான் சொல்லுங்கோ, மன்னார் ஆக்களுக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியாது. புளியை ஊத்தி ஊத்தி மீனைச் சாகடிச்சுப்போடுவினம்."

பெனிற்றாவின் கையில் இருந்த றோல் அப்படியே நின்றது.

"என்ன சொன்னனி?"

"உள்ளதைச் சொன்னனான்."

"அடியே மெற்றில்டா! ஐஸில மூண்டு நாள் கிடந்த மீனைத் தோர்ண்டன் ஹீத் கடையில வாங்கி, அதுக்குத் தேங்காய்ப்பாலை அள்ளி ஊத்திப் பாயாசம் மாதிரி வைக்கிற நீ எனக்குக் குழம்பு சொல்லித் தாறியோ? போன கிறிஸ்மஸுக்கு நீ தந்த குழம்பை என்ர மனுசன் வாயில வைக்கேல்லை, தெரியுமோ? நான்தான் பாவம் எண்டு திண்டனான்!"

எனக்கு உண்மையாகவே கோபம் ஏறிவிட்டது. அந்தக் குழம்பை "திறம், திறம்" என்று சொல்லி வாங்கிப்போனவள் இவள்! நான் விடவில்லை. மற்ற ஏழு பேரும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. சிரிப்பும் சத்தமும் நையாண்டியும், "உனக்கென்ன விசரோ", "வாயைப் பொத்து", "சும்மா கிட பாப்பம்" எல்லாம் வந்து விழுந்தன. சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் நானூறு றோல்ஸ் முடிந்தன.

முடிந்ததும் றொசாந்தி மைக்கை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். "அன்ரிமார், இதை நான் பாவிக்கலாமோ? விருப்பம் இல்லாட்டி இப்பவே அழிச்சுப்போடுறன்."

பெனிற்றா என்னைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். "அப்ப நீ சும்மாவே சொன்னனி?"

"அரைவாசி சும்மா" என்றேன்.

"கள்ளி!" என்று மாவுக் கையால் என் முதுகில் ஒன்று போட்டாள். பிறகு என் மகளிடம் திரும்பி, "பாவிச்சுக்கொள் பிள்ளை. ஆனா என்ர கதையில ஒரு சொல்லும் வெட்டப்படாது" என்றாள்.

அதன்பின் ஞாயிறுதோறும் சண்டைதான். லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை போகிற பஸ்ஸில் யன்னல் சீற் யாருக்கு, கவுன்சில் குப்பை எடுக்க வராததற்கு யார் பொறுப்பு என்று ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். தேவராசா அண்ணைக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்று அவருடைய மனுசிக்கே அன்றுதான் தெரிந்தது.

பதிந்ததை எழுத்தாக்கும் வேலையை என் மனுசன் பொறுப்பெடுத்தார். அங்கேயும் ஒரு கூத்து. "போட்டு வாறன்" என்று ஆள் சொன்னால் இவர் லப்டொப்பில் "சென்று வருகிறேன்" என்று அடிக்கிறார்!

"இஞ்சேருங்கோ, இது உங்கட வாசகப் புத்தகம் இல்லை. சொன்னதை எழுதுங்கோ."

"எழுதேக்க வடிவா எழுத வேணுமப்பா."

"வடிவாக் கதைக்கச் சொல்லி நான் கெடுத்தது காணும்!"

அன்றிலிருந்து அவர் அடிக்க, நான் பக்கத்தில் இருந்து காவல் காத்தேன்.

ஓகஸ்ட் முடிவில் றொசாந்தி இன்னொரு குண்டைப் போட்டாள். என்னுடைய குரலை ஓர் இடமும் விடாமல் வெட்டி எடுத்துவிட்டாளாம்.

"ஏனடி? சண்டையைத் தொடக்கினதே நான். என்ர குரல் உனக்குக் காணாதோ?"

"அப்பிடி இல்லையம்மா. ஒருநாளும் கேக்காத குரலைக் குடுத்துத்தான் மெஷினைச் சோதிக்க வேணும். அதுக்கு உங்கட குரலை ஒதுக்கி வைச்சனான். கடைசிப் பரீட்சை நீங்கள்தான்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

செப்ரம்பரில் அவள் ஆய்வைக் காட்டும் நாள் வந்தது. வீட்டு ஆட்களும் வரலாம் என்றார்கள். நான் பட்டுச்சேலை கட்டிப் போனேன். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, இன்னும் இரண்டு பேர், சுவரில் பெரிய திரை. றொசாந்தி இங்கிலிஷில் விளங்கப்படுத்திவிட்டு என்னை மைக்குக்கு முன்னால் கூப்பிட்டாள்.

என்னத்தைச் சொல்ல! அத்தனை பேரையும் அந்தச் சுவரையும் கண்டதும் எனக்கும் அதே வியாதி பிடித்தது. "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் எனது அன்பான வணக்கம்" என்றேன். சுவரில் பிசகில்லாமல் தமிழ் வந்தது. கீழே இங்கிலிஷ் வந்தது. கைதட்டப் போகிறார்கள் என்று பார்த்தேன்.

பேராசிரியை வேறொரு பழைய மெஷினின் எழுத்தைப் பக்கத்தில் போடச் சொன்னார். அதிலும் அதே வரிதான். இதில் உன் வேலை எங்கே என்று என் மகளைக் கேட்டார்.

றொசாந்தி என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. திறந்து சொல்லிக்கொடுத்தால் பரீட்சை பழுதாகிவிடும். பிள்ளையின் கை மேசை விளிம்பில் நடுங்கியது. அதைக் கண்டதும் எனக்குப் பேராசிரியையும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

"என்னடி என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? காலமை ஒரு துண்டுப் பாண்கூட வாயில வைக்காமல் ஓடி வந்தனி. கை எல்லாம் நடுங்குது. முதல்ல ஒரு வாய் தண்ணியைக் குடி. உன்னை இப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது!"

பழைய மெஷின் என்னவோ கிறுக்கியது. அதில் ஒரு வரிகூட உருப்படி இல்லை. என் மகளின் மெஷின் நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியது. ஒதுக்கி வைத்த என் குரல், பங்குக் குசினிப் பேச்சு, அந்தப் பெரிய சுவரில் என் உயரத்துக்கு நின்றது. அதைத் திருத்த ஒருவரும் இல்லை. அதற்குக் கீழே இங்கிலிஷ் மெல்ல மெல்ல வந்து முடிந்தது.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைக் கடைசி வரை வாசித்தார். எழும்பினார். தன் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டுபோய் என் மகளின் கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

எழுபத்தெட்டுப் புள்ளி. டிஸ்ரிங்ஷன். ஐப்பசியில் பி.எச்.டி. தொடங்கிவிட்டாள். கோயில் வாசலில் அன்று கேட்ட ஆட்கள் ஒருவரையும் விடாமல் தேடிப்போய்ச் சொன்னேன். பெருமையடிக்கிறேன் என்றார்கள். ஓம், அடிக்கிறேன். என்ர பிள்ளை.