வியாழனோடு நின்ற பட்டியல்

அந்தோனிமுத்துவின் பெயர் பட்டியலில் இருந்தது. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் அவன் அக்கா அருமைநாயகியின் திரையில்தான் இல்லை.

2009 மே பதினைந்து, வெள்ளிக்கிழமை மாலை. மீன் தொழிற்சாலையிலிருந்து வந்தவள் உடுப்புக்கூட மாற்றவில்லை. நேராகக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். 'அ' வரிசையை விரல் வைத்துப் படித்தாள். அந்தோனிப்பிள்ளை இருந்தார். அடுத்தது அன்னம்மா. மறுபடி மேலிருந்து படித்தாள்.

அது காயக்காரரின் பட்டியல். இலங்கையில் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்து ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் பெயர்களை அங்கிருந்த பாதர் ஒருவர் திரட்டி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கீழே அவருடைய கைபேசி இலக்கம். பாதர் மின்னஞ்சலில் எழுதியபடி, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள், அதாவது டென்மார்க்கில் பகல் பன்னிரண்டரைக்குள், உறவினர் யாராவது அழைத்து "இவர் எங்கட ஆள்" என்று சொன்னால் அவரை ஆஸ்பத்திரி வாட்டிலேயே மறித்துவைக்க வழி இருந்தது. யாரும் கேட்காதவர்களை இராணுவம் பேருந்தில் ஏற்றிவிடும். எந்த முகாமுக்கு என்பது பாதருக்கே தெரியாது.

அவள் விபோர்க்கிலிருந்த ஜெபநேசனை அழைத்தாள். பகலில் பால் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன். மற்ற நேரமெல்லாம், பட்டியலை வெளியிடுகிற தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளம் அவன் பொறுப்பு.

"தம்பி, புதுப் பட்டியல் போட்டாச்சோ?"

"ஓம் அக்கா, காலமையே போட்டாச்சு. என்ர கண்ணுக்கு முன்னால நிக்குது."

"அதில இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லைத்தான் அக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு புதுப் பெயர்கள் இருந்தன. ஏழாவது அந்தோனிமுத்து.

யாரைத் தேடுகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த நாட்களில் சண்டைக்குள் இருப்பவரின் பெயரைத் தொலைபேசியில் யாருமே சொல்வதில்லை. யார் ஒட்டுக்கேட்கிறார்களோ, அந்தப் பெயர் யார் காதுக்குப் போய்ச் சேருமோ என்ற பயம். பெயர் சொல்வது ஆளை விரல் நீட்டிக் காட்டுவதற்குச் சமம். எனவே எல்லோரும் பட்டியல் வந்ததா என்றுதான் கேட்பார்கள்.

நன்றி சொல்லிவிட்டு அருமைநாயகி வைத்துவிட்டாள்.

அன்றிரவு டொரொன்டோவிலிருந்து ஒருவர், பிறகு லண்டனிலிருந்து இருவர் எழுதினார்கள். பட்டியல் மாறவில்லையே என்று கேட்டார்கள். உங்கள் கணினி பழையதைக் காட்டுகிறது, பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள் என்று மூவருக்கும் ஜெபநேசன் ஒரே பதிலை ஒட்டி அனுப்பினான். அனுப்பிவிட்டுத் தன் திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. முதியோர் இல்லத்தில் வேலையிலிருந்த அவன் மனைவி எப்சிபா இடைவேளையில் அழைத்தாள். நேற்று வீட்டில் அவன் திரையில் பார்த்த தன் ஊர் யசிந்தா ரீச்சரின் பெயரை இல்லத்துக் கணினியில் காணவில்லை என்றாள்.

"திரும்ப ஏத்திப் பார்."

"அஞ்சு தரம் ஏத்திட்டன். பக்கத்து ரூமில வேற கொம்பியூட்டரிலயும் பார்த்திட்டன். வியாழக்கிழமைப் பட்டியல்தான் நிக்குது. நீங்கள் ஒருக்கா வெளிய வந்து பாருங்கோ."

வெளியே வந்து. அதாவது நிர்வாகியாக அல்ல, வாசகனாக. ஜெபநேசன் 'வெளியேறு' என்பதை அழுத்தினான். முகப்பைத் திறந்தான்.

அந்தோனிப்பிள்ளை. அன்னம்மா. வியாழக்கிழமை.



புதன்கிழமை செய்த வேலை நினைவுக்கு வந்தது. உலகம் முழுக்க ஆட்கள் குவிந்ததில் தளம் மூச்சுத்திணறிப் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த அவன் கேஷைப் போட்டான். வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்காமல், ஒருமுறை தயாரித்த நகலையே எல்லோருக்கும் கொடுக்கிற ஏற்பாடு. எவ்வளவு நேரம் வைத்திருக்க என்று மென்பொருள் கேட்டது. 'மாற்றம் வரும்வரை' என்று தெரிவுசெய்தான்.

வழக்கமான படிவத்தில் பெயரைப் பதிந்தால் மாற்றம் வந்தது என்று தளத்துக்குத் தெரியும். பழைய நகலைத் தானே வீசிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரே கோப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொன்றாகப் பதிந்தால் அரை நாள் போய்விடும் என்று அவசரப்பட்டு, படிவத்தைத் தாண்டி நேரே தரவுத்தளத்துக்குள் கொட்டினான். தளத்துக்கு யாரும் சொல்லவில்லை. அது வியாழக்கிழமை நகலையே கொடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்த நிர்வாகிகளுக்கு மட்டும் நகல் கிடையாது. அவர்கள் பார்ப்பது எப்போதும் புதுசு.

கேஷை அழித்தான். நாலு விநாடி வேலை. வெளியிலிருந்து பார்த்தான், நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து நின்றார்கள். மணி இரண்டு இருபத்தைந்து. அங்கே ஆறு ஆகப்போகிறது.

பாதருக்கு அடித்தான். இலக்கம் வேலையாக இருந்தது. மறுபடி அடித்தான். வேலை. இப்போதுதான் பெயரைப் பார்த்த எத்தனையோ நாடுகளும் அந்த ஒரே கைபேசிக்குள் நுழையப் பார்க்கின்றன என்பது அவனுக்குப் புரிந்தது. இருபத்தோராவது தடவை பாதர் எடுத்தார்.

ஜெபநேசன் தான் யார் என்று சொன்னான். மறுமுனையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது.

"நாலு மணி மட்டும் போனைக் கையில வைச்சுக்கொண்டு வாசலில நிண்டனான். மூண்டு பேர்தான் எடுத்தவை. மிச்ச ஆக்களுக்கு ஒருத்தரும் இல்லையோ எண்டு கேட்டாங்கள். இல்லைப்போல எண்டு சொன்னன். ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

மறிக்கப்பட்ட அந்த மூவரின் பெயர்களையும் பாதர் வாசித்தார். மூன்றும் சங்க நிர்வாகக் குழுவினரின் உறவுகள். கடவுச்சொல் வைத்திருந்த வீடுகள். தங்கட ஆக்களுக்கு மட்டும் காட்டினவை என்று நாளைக்கு ஊர் சொல்லப்போவது ஜெபநேசனுக்குக் கேட்டது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

தொடர்பு அறுந்தது. உடனே அவன் தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, பேர் வந்திட்டுது." அருமைநாயகி. அவள் சிரித்து அவன் இதற்கு முன் கேட்டதே இல்லை. "என்ர தம்பி. உயிரோட இருக்கிறான். இப்பதான் போட்டனீங்களோ? பாதரின்ர போன்தான் எடுபடுதில்லை. அடிச்சுக்கொண்டே இருக்கிறன்."

"அக்கா."

"நாலு மணி எண்டு கிடக்குது. அது நாளைக்குத்தானே?"

நேரத்தை மட்டும் போட்டுவிட்டு, பாதர் எழுதிய சனிக்கிழமையைப் பக்கத்தில் போடவே இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, அது இண்டைக்கு. பஸ் போட்டுது."



"இவ்வளவு நேரமும் எங்க கிடந்தது என்ர தம்பியின்ர பேர்?"

"நேற்றுக் காலமையே இருந்தது. எங்களுக்கு மட்டும் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியேல்லை எண்டு எனக்குத் தெரியாது."

கேஷ், நகல், தரவுத்தளம் என்று அவன் விளக்கத் தொடங்கினான். பாதியில் தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினான். அவள் அழவில்லை. திட்டவுமில்லை.

"நேற்று நான் பேரைச் சொல்லியிருந்தா?"

அதற்கு என்ன பதில் என்று இருவருக்கும் தெரியும்.

"சரி, வையும். லைன் கிடைக்குதோ பாப்பம்."

சனி முழுக்க அவள் அந்த இலக்கத்தை அழைத்தாள். ஞாயிறு காலையோடு பாதரின் கைபேசியும் அணைந்துவிட்டது. திங்கட்கிழமை, இலங்கையில் போர் முடிந்தது என்று டேனிஷ் வானொலி இரண்டு வரியில் சொல்லிவிட்டு வானிலைக்குப் போனது. தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில் நின்று அருமைநாயகி மறுபடியும் அதே எண்களை அழுத்தினாள்.