சூட்டி கிளம்பும் நாள்

கூண்டை நகர்த்தாமல் அப்பாவைக் கிடத்த இடமில்லை. முன்னறையின் ஒரு பக்கம் பெட்டிகள் எடை பார்த்துப் பூட்டி அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம் நாய்க்கூண்டு. மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், படுக்க முடியாது. மேனகாவின் கணவன் அருண்பாண்டியனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூண்டைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் சூட்டி உள்ளே படுத்திருப்பது தெரிந்தது.

"எறங்குடா," என்றான் அருண்பாண்டியன். நாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"நாயோடயே தூக்குங்க," என்றாள் மேனகா. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களிடம் பேசுகிற குரலில்தான் அதையும் சொன்னாள். அவளிடம் அன்றைக்கு வேறு குரல் இருக்கவில்லை.

வெள்ளனே எழுந்து குழாயடிக்குப் போன அப்பா, குடத்தைச் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். மேனகாதான் ஓடிப்போய் ஈரத் தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அமுக்கினாள். எத்தனையோ பேருக்கு அமுக்கிய நர்ஸ் கைகள். அமுக்கும்போதே அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிறுத்த மனம் வராமல் அமுக்கிக்கொண்டே இருந்தவளை அம்மாதான் தோளைத் தொட்டு, "போதும் பாப்பா, அவருக்கு வலிக்கும்," என்று நிறுத்தினாள்.

கேதத்துக்கு வந்தவர்கள் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். அடுத்து பெட்டிகளைப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாவைப் பார்த்தார்கள். மேனகா குடும்பத்தோடு அயர்லாந்துக்குப் போகிறாள் என்பது காலனிக்கே தெரியும். நாயையும் கூட்டிப்போகிறாள் என்பது கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். நாய்க்குமா விசா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் இப்படி ஆகுமென்று யாரும் நினைக்கவில்லை. அவர்கள் யாரும் கேட்காத கேள்வி அறைக்குள் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது: பெற்றவள் ஞானம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இவள் போவாளா?

அவளுக்கே தெரியவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இருக்கிறோம், நீ பயப்படாமல் போ என்று அப்பா சொன்ன தைரியத்தில்தான் வேலைக்குச் சம்மதம் சொல்லியிருந்தாள். அந்த ரெண்டு பேரில் ஒருவர் இப்போது நெற்றியில் காசு ஒட்டிப் படுத்திருந்தார்.

நாயைக் கூண்டுக்குப் பழக்கியதும் அப்பாதான். கூண்டு வந்த அன்று சூட்டி அதைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரையேறிவிட்டன. அப்பா மறுநாளே தன் பழுப்பு நிற ஸ்வெட்டரைக் கழற்றி அதற்குள் போட்டார். சீகைக் காட்டில் மரம் வெட்டப் போன காலத்திலிருந்து போட்டது, முழங்கை இரண்டும் கிழிந்தது. அதன் மேல் ஒரு துண்டு பாணைப் பிய்த்துப் போட்டார். ரொட்டி என்று அவருக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை. நாய்க்குப் பெயர் வைத்ததும் அந்தக் கணக்குதான். அவர் பிறந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வீட்டின் கடைக்குட்டியைச் சூட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

தினமும் சாயங்காலம் கூண்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து நாயிடம் பேசுவார். "பிளேனுல போவ. ஒரே சத்தமா இருக்கும். இருட்டா இருக்கும். பயப்படக் கூடாது என்னா. எறங்குனதும் மேனகா நிப்பா."

"அதுக்கு என்னப்பா புரியும்?" என்று மேனகா ஒருநாள் சிரித்தாள்.

"புரியாட்டி என்ன? சொல்லிட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். எட்டு வயசுல என்னைக் கப்பல்ல ஏத்துனப்ப ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. ஏதோ திருவிழாவுக்குப் போறோம்னு நெனச்சேன். மண்டபம் முகாமுக்கு வந்து ஒரு மாசம் வரைக்கும், எப்பம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பப் போறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். ஒரு மாதத்தில் சூட்டி கூண்டைத் தன் வீடாக்கிக்கொண்டது. ஸ்வெட்டரில் மூக்கைப் புதைத்துக்கொண்டால் கதவைச் சாத்தினாலும் கண்ணைத் திறக்காது.

மத்தியானம் மூடுபனி இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த செல்வமுருகன் மாமாதான் எல்லாவற்றையும் முன்நின்று செய்தார். அம்மாவின் தம்பி. ஓடி ஓடி வேலை செய்கிற மனிதர். துக்கம் அவருக்குக் கையிலும் காலிலும்தான் வரும். பாடை கட்டினார், பூ வாங்கினார், பாடையை வாசலில் இருந்து வெரசாகக் கிளப்பினார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். சூட்டி மட்டும் கூண்டிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து கூடவே போனது. யாரும் விரட்டவில்லை.

திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிடும்போதுதான் மேனகா பார்த்தாள். அப்பாவின் கொடிக்கம்பி காலியாக இருந்தது. பாய் இல்லை, தலையணை இல்லை. போனவர் உடுத்தியது, விரித்தது எதுவும் வீட்டில் தங்கக் கூடாது என்பது வழக்கம்; அது அவளுக்கும் தெரியும். ஆனால் கூண்டும் காலியாக இருந்தது.

ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியதும் கேட்டாள்: "மாமா, கூண்டுக்குள்ள ஒரு ஸ்வெட்டர் கெடந்துச்சே?"

"ஆமாம்மா, அதையும் பாத்துட்டேன்ல," என்றார் செல்வமுருகன். ஒன்றையும் விட்டுவிடவில்லை என்கிற திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "எல்லாத்தையும் மூட்டையாக் கட்டிக் குழிக்குள்ளயே வச்சாச்சு. ஸ்வெட்டர மட்டும் பிரிச்சு நெஞ்சுமேல போத்திவிட்டேன். மச்சானுக்குக் குளுருமில்ல."

கோபப்படலாம் என்று வாயைத் திறந்த மேனகாவுக்கு அழுகைதான் வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. மாமா பதறிப்போய், தான் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாக நினைத்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிரவும் மறுநாளும் சூட்டி கூண்டுக்குள் போகவில்லை. வாசல்வரை வந்து, உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் குழாயடியில் படுத்துக்கொண்டது. பாண் போட்டுப் பார்த்தார்கள். கறித்துண்டு போட்டார்கள். மேனகாவின் பத்து வயது மகள் தமிழ்மதி தானே தவழ்ந்து உள்ளே போய்ப் படுத்துக் காட்டினாள். நாய் அவளுடைய பாதத்தை நக்கிவிட்டு வெளியிலேயே நின்றது. அருண்பாண்டியன் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியபோது அது போட்ட ஓலத்தில் அவனே பயந்து திறந்துவிட்டான்.

மூன்றாம் நாளே காரியத்தையும் சேர்த்து முடித்தார்கள். மறுநாள் காலை நாயை ஏற்றிப்போக, அதை விமானத்தில் அனுப்பும் ஏஜென்டின் வண்டி சென்னையிலிருந்து வருகிறது; இவர்கள் ரெண்டு நாள் கழித்துக் கிளம்ப வேண்டும். அவர் போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாய் அமைதியாக இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள்; தூக்க மருந்து கொடுத்தால் கட்டாயம் ஏற்ற மாட்டார்கள்; இந்த வண்டியை விட்டால் ரத்தப் பரிசோதனையிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. மேனகா வேலையில் சேர வேண்டிய தேதி அதற்கெல்லாம் காத்திருக்காது.

அருண்பாண்டியன் சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தான். "நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. சூட்டி இங்கயே இருக்கட்டும். அத்தைக்கும் ஒரு தொணையா இருக்கும்."

மேனகாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தபோது நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்ததும் உண்மை. அம்மா தனியாக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். தமிழ்மதி நாலு நாள் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும்.

அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே பேசினாள்.

"வேணாம் மாப்பிள்ள. கூட்டிட்டுப் போயிருங்க."

"ஏம்மா? உனக்கு ஆசையாத்தானே இருக்கும்?" என்றாள் மேனகா.

"ஆசைதான். அதுக்குன்னு?" வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "எனக்கு அவரத் தேடும். அந்தத் தேட்டம் எனக்குன்னு உள்ளது, தேடிட்டுப் போகுது. இவனும் எந்திரிச்சு எந்திரிச்சுக் குழாயடிக்குப் போயிப் பாத்துட்டு வருவான். ஒரு வீட்ல ரெண்டு பேரு தேடுனாத் தாங்காது பாப்பா."

அம்மா போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மேனகா மூன்று நாளாகக் காத்திருந்தாள். சொன்னால் இருந்துவிடுவாள், அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"அப்ப நீ வா. நான் போயி விசாவுக்குப் பாக்குறேன்."

"பாப்போம்," என்றாள் அம்மா. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடங்களில் அம்மா சொல்லும் வார்த்தை அது.

மறுநாள் வண்டி வந்துவிட்டது. ஏஜென்ட் அனுப்பிய பெண் ரோகிணி, பேண்டும் தொப்பியுமாக இறங்கி, கூண்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை மாட்டினாள். பிறகு, "இப்ப உள்ள வரச் சொல்லுங்க மேடம்," என்றாள். தமிழ்மதி கூப்பிட்டாள். அருண்பாண்டியன் கூப்பிட்டான். சூட்டி வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டியது. ரோகிணி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு மேனகாவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அடுப்படிப் பரணில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு பால்மா டின்னோடு வந்தாள். மூடி இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். உள்ளே சுருட்டி வைத்திருந்தது அப்பாவின் குரங்குக் குல்லா. யூக்கலிப்டஸ் தைலமும் பீடியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை அந்த அறைக்குள் எழுந்தது. மேனகாவுக்கு அப்பா பின்னால் வந்து நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்துவிடாமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

தெருவே கூடி நின்று வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது அம்மா இதை எடுத்து ஒளித்திருக்கிறாள். வழக்கத்தை மீறி, தன் தம்பிக்கும் தெரியாமல், வாடை போய்விடாத ஒரு டின்னாகப் பார்த்துத் தேடி வைத்திருக்கிறாள். வரப்போகிற நாட்களுக்காக. மேனகாவுக்கு ஒரு கணம் அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாய்க்குக் கொடுக்க மனம் வரவே இல்லை.

"அம்மா, அது ஒன்னுதானே இருக்கு," என்றாள்.

அம்மா குல்லாவை வலது கைக்குள் கசக்கிப் பிடித்தபடி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையை உள்ளே நீட்டி, கடைசி மூலையில் அதை வைத்து அழுத்தினாள். உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது.

சூட்டி சுவரோரத்திலிருந்து எழுந்தது. அம்மாவின் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு சுற்றுச் சுற்றி, குல்லாவில் மூக்கை வைத்துப் படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அம்மா கையை வெளியே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பிளேனுல போவ," என்றாள் நாயிடம். "ஒரே சத்தமா இருக்கும். பயப்படக் கூடாது என்னா."

வண்டி வளைவு திரும்பும்வரை தமிழ்மதி கூடவே ஓடிவிட்டு வந்தாள். முன்னறையில் கூண்டு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மா சுவரில் சாய்ந்து, வலது உள்ளங்கையை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேனகா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கையக் கழுவிட்டு வாம்மா. சாப்புடு."

அம்மா எழுந்திருக்கவில்லை. இடது கையை நீட்டித் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வலது கை முகத்தை விட்டு இறங்கவில்லை.

மேனகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து, அம்மாவின் விரல்களுக்குக் கீழே கையைக் கொண்டுபோய், ஒரு வாய் ஊட்டினாள்.