ராட்டினத்து ஆணி

என் மகள் தீபலட்சுமிக்குப் பத்து வயது. இதுவரை ஐந்து பள்ளிக்கூடங்களில் சேர்ந்திருக்கிறாள், ஒன்றில்கூட முழுப்பரீட்சை எழுதியதில்லை. அந்த ஏக்கம் அவளுக்கு நிறைய. காரணம் நான்தான், ராட்டினக்காரன் தங்கையா. திருவிழா முடிந்ததும் லாரியில் இரும்பை ஏற்றுவேன், கூடவே அவளையும் ஏற்றிவிடுவேன்.

வழியெல்லாம் நானே வாத்தியார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. தேவாலாவில் தைத் திருவிழாவுக்கு ராட்டினம் போட்ட மறுநாள், பள்ளியில் மெட்டில்டா டீச்சரிடம் மார்தட்டினேன்: "ஊட்டுலயே சொல்லிக் குடுத்து, கணக்குல புலியாக்கி வச்சிருக்கேனுங்க." ஊடு என்று நான் சொன்னது எங்கள் தார்ப்பாய்க் கூடாரத்தை.

டீச்சர் அவளை அருகில் கூப்பிட்டார். "ராட்டினம் நிமிஷத்துக்கு நாலு சுத்து சுத்துது. மூணு நிமிஷ ஆட்டத்துல எத்தனை சுத்து?"

"கூட்டம் இருக்குதுங்களா டீச்சர்?"

"அதுக்கும் கணக்குக்கும் என்னம்மா?"

"வரிசை நீளமா இருந்தா அப்பா ரெண்டு நிமிஷத்துலயே இறக்கி உட்டுருவாருங்க. அப்ப எட்டு. ஆளில்லீன்னா பன்னெண்டு."

நான் வளர்த்த புலி என்னைத்தான் முதலில் கடித்தது.

டீச்சர் சிரித்துவிட்டார். "கணக்கு சரிதான். அஞ்சாம் வகுப்புல உக்காரட்டும். ஆனா பரீட்சை ஏப்ரல்ல. அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"கண்டிப்பா இருப்பமுங்க." இதே வாக்கை முன்பு ஐந்து பேரிடமும் கொடுத்தவன் நான்.

"நம்பாதீங்க டீச்சர்," என்றாள் மகள். "இன்னும் ஒரே சுத்துன்னு அப்பா சொன்னா, நிறுத்தப் போறாருன்னு அர்த்தம்."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது.

ராட்டினத்தின் நடு அச்சில் ஓர் ஆணி உண்டு. அது இல்லாமல் சக்கரம் அசையாது. நான் இல்லாத நேரத்தில் யாரும் ஓட்டிவிடக் கூடாதென்று, எப்போதும் அதைக் கழற்றி மடியில் வைத்திருப்பேன். எடுத்து டீச்சர் மேஜைமேல் வைத்தேன். "பரீட்சை முடிஞ்சதும் குடுங்க. அதுவரைக்கும் எஸ்டேட்டுல ஏதாச்சும் வேலைக்குப் போய்க்கறேன்."

என் தியாகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபலட்சுமி ஆணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, லாரி சீட்டுக்கடியில இன்னொண்ணு இருக்குதுல்ல?"

மதிய மணி அடிப்பதற்குள் ஓடிப்போய் அதையும் கொண்டுவந்தேன். அவளே கையில் வாங்கி, டீச்சர் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். அதற்கப்புறம்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.