தொட்டிக்குக் கீழே இரண்டு நாற்காலிகள்

நான் இன்ஜினியர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை, பார்க்கிறவர்களெல்லாம் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். கேட்பதோடு சரி.

செல்போன் கோபுரம் நட்ட வருஷம், அதன் கதிர்வீச்சு ஆபத்தா இல்லையா என்று தெருவே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு கருவியை இரவல் வாங்கி வந்து, நாலு நாள் வெயிலில் நின்று அளந்து, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். "உனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்றார்கள். அலுத்துப்போனது. "சரி, உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் கோபுரத்துல கூடு கட்டின காக்கா போடற முட்டையெல்லாம் அவிச்ச முட்டையாத்தான் வருது. நானே ரெண்டு எடுத்து உப்பு மிளகு போட்டுச் சாப்பிட்டேன்" என்றேன். அதை நம்பினார்கள். மறுநாள் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பிடித்துப் போன பதாகையில் ஒரு காக்கா, கீழே என் பெயர்.

அதற்கப்புறம் காந்தத் தண்ணீர், மின்சார வண்டி, எல்லாம் தெரிந்த யந்திர மூளை என்று வரிசையாக எத்தனையோ வந்தன. உண்மையைச் சொன்னால் ஆதாரம் கேட்கிறார்கள். பொய்யைச் சொன்னால் "அப்புறம்?" என்று கேட்கிறார்கள். அப்புறம் என்று கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. 'புளுகு இன்ஜினியர்' என்று பெயரும் வந்தது. அந்தப் பெயரோடு நிம்மதியாகத்தான் இருந்தேன், போன மாதம் என் தங்கை போன் செய்கிறவரை.

"அண்ணா, உன் தொட்டி விழப்போகுதாம்."

"எப்போ?"

"இன்னும் பத்தொன்பது நாள்ல. பெட்டி சொல்லிடுச்சு."

என் தொட்டி என்று அவள் சொன்னது குடிநீர் அலுவலகத்தின் மேல்நிலைத் தொட்டி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கட்டியது. எட்டுத் தூண், ஏழு மாடி உயரம், ஐந்து லட்சம் லிட்டர். அதன் காலடியில் பம்ப் ஆபரேட்டருக்கென்று இரண்டு அறை வீடு. அந்த ஆபரேட்டர்தான் என் தங்கை வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் ஆயுள் உள்ளவரை இருந்துகொள்ளலாம் என்று அவருக்கு உத்தரவு. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இப்போது நாலு கால் கம்பி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, வாசல் கேட்வரை போவார், திரும்புவார். அவருடைய உலகம் அவ்வளவுதான். ஆனால் அது அவருடையது.

அலுவலகம் தொட்டியின் மேல் ஒரு பெட்டியை மாட்டியிருந்தது. தொட்டி எவ்வளவு சாய்கிறது என்று அது அளந்து அனுப்பும். எங்கோ இருக்கிற கணினி அதைப் படித்து, என்றைக்கு விழும் என்று தேதி குறிக்கும். குறித்துவிட்டது. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

"நாலு பேர் சேர்ந்து அவரை மேல தூக்கிட்டுப் போயிடலாம்ணா" என்றாள் தங்கை. "அப்புறம் அவர் கீழ எறங்கறது ஒரே ஒரு தடவைதான்."

அவளே தொடர்ந்தாள்.

"ஆட்சேபணை இருந்தா, கட்டின இன்ஜினியர் உயிரோட இருக்கிற பட்சத்தில அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமாம். கடிதத்துல போட்டிருக்கான். நீ இருக்கியா?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

தங்கை வீட்டுக்குப் போனபோது தெரு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இந்த நடைபாதையில் 'தொட்டியை இடி' என்பவர்கள். அந்த நடைபாதையில் 'பெட்டியைக் கழற்று' என்பவர்கள். இரண்டாவது கட்சிக்குத் தலைவர் எதிர் மருந்துக்கடைக்காரர். என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

"சார், பெட்டியிலேருந்து கதிர் வருது. அதுதான் தொட்டிய ஆட்டுது. தண்ணி குடிச்சா நாக்கு துடிக்குது. நீங்க காக்கா முட்டை சாப்பிட்டவரு, உங்களுக்குத் தெரியாததா?"

விதைத்ததை அறுக்க வேண்டியதுதான். "எந்தப் பக்கம் துடிக்குது, இடமா வலமா?" என்று கேட்டேன். அவர் நாக்கை நீட்டி யோசித்துக்கொண்டிருக்கும்போது நழுவி உள்ளே போய்விட்டேன்.

உள்ளே பெட்டியைக் கவனித்துக்கொள்கிற இன்ஜினியர் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. மடிக்கணினியைத் திறந்து கோடுகளைக் காட்டினார். தினமும் பகல் பன்னிரண்டுக்குக் கோடு ஏறுகிறது, மாலையில் இறங்குகிறது. ஏறுகிற உயரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுகிறது. நடுவில் மூன்று நாள் மட்டும் கோடு படுத்துக் கிடந்தது.

"இந்த மூணு நாள் என்ன ஆச்சு?"

"மேகமூட்டம் சார்."

"தொட்டிக்கு வானிலை அறிக்கை கேக்கற பழக்கம் உண்டோ?"

அவர் பேசவில்லை. இன்ஜினியர்களின் மௌனத்தில் பல ரகம் உண்டு. இது தெரிந்தவனுடைய மௌனம்.

"பெட்டியை எங்க மாட்டினீங்க?"

"ஏணியில."

"தூண்ல மாட்டியிருக்கலாமே."

"தூண்ல துளை போடணும்னா கட்டடப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு ரெண்டுகிட்டயும் அனுமதி வாங்கணும் சார். ஆறு மாசம். ஏணின்னா ரெண்டு கிளாம்ப். பத்து நிமிஷம்."

அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானும் ஏணியில்தான் மாட்டியிருப்பேன். இரும்பு ஏணி மத்தியான வெயிலில் நீளும். மேலும் கீழும் இறுக்கியிருப்பதால் நீள இடமில்லாமல் வில்லாக வளையும். ஏணியை நடுவில் பிடித்திருக்கும் பழைய கிளாம்புகள் தளரத் தளர வளைவு கூடும். பெட்டி ஒரு மாதமாக ஏணியை அளந்துகொண்டிருந்தது.

"மேல சொன்னீங்களா?"

"எழுதினேன் சார். 'புரோகிராம் தப்பு பண்ணாது'ன்னு பதில் வந்துது. உங்க காலத்துல எப்படி சார்?"

"எங்க காலத்துல மேலதிகாரி தப்பு பண்ண மாட்டார்."

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்போ எழுதிக் குடு. தொட்டி நல்லா இருக்குன்னு."

"பெட்டி தப்புன்னு எழுதித் தரேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கடிகாரம் நின்னுபோச்சுன்னா நேரம் நல்லா இருக்குன்னு அர்த்தமா? இவங்க தொட்டிய அளக்கவே இல்ல. நானும் அளக்கல. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். ஊன்றுகோலின் ரப்பர்க் கால்கள் வாசலில் தட்டித் தட்டி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஆயுசு பூரா புளுகினே. ஊருக்கெல்லாம் புளுகினே. எனக்காக ஒண்ணு புளுக மாட்டியா?"

பேனாவின் மூடியைக் கழற்றினேன், மறுபடி மூடினேன். தொட்டி விழுந்தால் அவள் தலையில்தான் விழும். அதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பாள்.

"ஒரு நாள் குடு. தொட்டியக் காலி பண்ணி, முழுசா நிரப்பிப் பார்த்துடலாம்" என்றேன்.

பழைய இன்ஜினியர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டியதைச் சோதிக்கிற அன்று, கட்டியவன் அதற்குக் கீழே உட்கார வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தோம். முதல்முறை இந்தத் தொட்டியை நிரப்பியபோது நான் கீழே நாற்காலி போட்டுத் தூங்கிவிட்டேன். எங்கோ விரிசல் விடுகிற சத்தம் கேட்கிறதென்று மேஸ்திரி அலறி, எண்பது பேரைத் தெருவுக்கு ஓட்டினார். என் குறட்டை.

இந்த முறை தூக்கம் வரவில்லை. விடிந்ததும், ஏணி குளிர்ந்திருக்கும்போதே, பெட்டி இன்ஜினியர் மேலே ஏறினார். என் முழங்கால்கள் ஆட்சேபணை தெரிவித்துவிட்டன. தொட்டியின் அடிவளையத்திலிருந்து மெல்லிய கம்பியைக் கீழேவரை தொங்கவிட்டு, நுனியில் பத்து கிலோ தூக்குக்குண்டு கட்டினோம். காற்றில் ஆடாமலிருக்க, குண்டு பழைய என்ஜின் ஆயில் வாளிக்குள் மூழ்கிக் கிடந்தது. கம்பிக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல். தொட்டி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தாலும் கம்பி காட்டிக்கொடுத்துவிடும். கதிருமில்லை, கணினியுமில்லை. மருந்துக்கடைக்காரர் கேட்டை எட்டிப் பார்த்து, "வாளியில என்ன சார், மருந்தா?" என்றார்.

மாப்பிள்ளையை எதிர்ச் சாரிக்கு அழைத்துப்போய் மருந்துக்கடை நிழலில் உட்கார வைத்திருந்தோம். பம்புகள் ஓட ஆரம்பித்ததும் அங்கிருந்தே காதால் அதிகாரம் செய்தார். "ரெண்டாவது பம்ப் மூச்சு வாங்குது! வால்வைக் கொறைங்கப்பா!" குறைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

நான் நாற்காலியைத் தூண்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேல் தண்ணீர் விழுகிற சத்தம், தூரத்து மழைபோல. ஒரு மணி நேரம் போனது. யாரோ இன்னொரு நாற்காலியை இழுத்து வரும் சத்தம் கேட்டது. தங்கை.

"நீ எங்க வர்றே? அந்தப் பக்கம் போய் உக்காரு."

"என் வீடு இது. நீதான் விருந்தாளி."

பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தேநீரைக் கையில் கொடுத்தாள். இருவரும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். "காண்ட்ராக்டர் கான்கிரீட் கம்பியில கை வைப்பான்னு தெரியும். அதனால தூணுக்கு வேண்டிய கம்பியை வரைபடத்துல ரெண்டு மடங்கு போட்டேன். நான் ரெண்டு மடங்கு போடுவேன்னு அவனுக்கும் தெரியும். அதனால பாதியத் திருடினான். ஆகக்கூடி சரியா வந்திருக்கும்."

"பாதிக்கு மேல திருடியிருந்தா?"

"அதுக்குத்தான் நாற்காலி."

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா இதுக்குக் கீழ சமைக்கிறேன் தெரியுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நிக்குமாண்ணா?" என்றாள்.

"தெரியாது."

திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "நீ இதுவரைக்கும் சொன்னதுல இது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்கு." எழுந்து போகவில்லை.

ஐந்து மணி நேரத்தில் தொட்டி நிறைந்தது. கம்பி ஒன்றரை நூல் நகர்ந்திருந்தது. கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பாரம் ஏற்றினால் எதுவும் கொஞ்சம் அசையும், மனுஷனும்தான். இறக்கினால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதுதான் கேள்வி. ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டோம். கம்பி திரும்பி வந்தது. ஒரு நூல் வந்தது. அரை நூல் வரவில்லை.

"அரை நூல்தானே சார்" என்றார் பெட்டி இன்ஜினியர்.

"அரை நூல்தானே" என்றார் மருந்துக்கடைக்காரர். பெட்டிக்காரரும் பெட்டியின் எதிரியும் ஒத்துப்போனது அன்றைக்கு மட்டும்தான்.

தங்கை, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒரு தூணுக்கடியில் மண் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. பாதித் தொட்டிக்கு மேல் நிரப்பக் கூடாது. பாதிவரை நிரப்பினால் ஆபத்தில்லை, கீழே குடியிருக்கலாம். பெட்டியைத் தூணில் மாட்ட வேண்டும். வருஷம் ஒருமுறை இதேபோல் கம்பி கட்டிப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன். ஐம்பது வருஷத்தில் காக்கா இல்லாமல் நான் கொடுத்த அபிப்பிராயம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் இதுதான். என்னை நம்பி அல்ல. இடிப்பதைவிடப் பாதி நிரப்புவது சுலபம்.

இப்போது காலை ஒன்பது மணிக்கெல்லாம் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது. தெருவில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள், இரண்டு நடைபாதையிலும். பெட்டியைத் தூணில் மாட்டியாயிற்று. அது நாள் முழுக்க ஒரே கோடாகக் காட்டுகிறதாம். கெட்டுப்போய்விட்டது, கழற்றிவிடலாமா என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பெட்டி இன்ஜினியர் போன் செய்து அதைப் படித்துக் காட்டினார்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கேட்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். தூண்களுக்கு நடுவில் அந்த இரண்டு நாற்காலிகளும் போட்டது போட்டபடி கிடந்தன.

"எடுத்து உள்ள போடக் கூடாதா? வெயில்ல வீணாப் போகுது."

"வருஷா வருஷம் கம்பி கட்டிப் பார்க்கணும்னு எழுதியிருக்கியே. யார் பார்க்கணும்னு எழுதலையே."

உண்மைதான். எழுத மறந்துவிட்டேன். அடுத்த முறை எனக்கு எண்பது.

"ஆபீஸ்ல யாராவது வருவாங்க" என்றேன்.

"புளுகாதே" என்றாள். ஒரு நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.