மாரென் கடைசியாகச் சொன்னது

நீல்ஸ் நாய்க்குத் தீனி வைத்தான். கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினான். காப்பியோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தான். மறுநாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். போட்டியிடும் செனட்டர் ஹால்வர்சன் முந்தைய நாள் பேசியதைக் காட்டினார்கள்.

"எங்க தொண்டர் மாரென் சாகும்போது கடைசியா சொன்னது, 'செனட்டர ஜெயிக்க வைங்க!'"

மாரென் நீல்ஸின் மனைவி. இறந்து ஏழு வாரம். கடைசி நேரத்தில் அவளருகில் இருந்தவன் அவன் மட்டும்தான்.

ஹால்வர்சனின் பிரசார அலுவலகத்துக்குப் போனான். பொறுப்பாளர் டெஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பேச்சுக்கப்புறம் ஆதரவு எப்படிக் குவியுது தெரியுமா! நாளைக்குக் கூட்டத்துல நீயே எழுந்து சொல்லு நீல்ஸ். ஊசலாடுறவங்க அத்தன பேரும் நம்ம பக்கம்தான்."

"அவ அப்படிச் சொல்லவே இல்ல."

"மனசுல அதானேப்பா இருந்திருக்கும்? வாயத் திறந்து காரியத்தக் கெடுத்துடாத."

மறுநாள் மாலை பள்ளி விளையாட்டரங்கில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலையில் ஆட்கள் கூடி நின்றார்கள்; யார் மூலையில் நிற்கிறார்களோ அவருக்குத்தான் வாக்கு. டெஸ் மைக்கை நீல்ஸின் கையில் திணித்தாள்.

"ஓட்டுக் கேட்டுப் போக இன்னும் எத்தன வீடு பாக்கின்னு கேட்டு, ஆஸ்பத்திரியிலயும் செனட்டரோட ஆளுங்க மாரெனுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசி நாளும் போன் அடிச்சுது. கண்ணத் திறந்து மாரென் சொன்னது இதுதான்."

நீல்ஸ் டெஸ்ஸைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

"'மறுபடியும் அவங்களா? நான் தூங்கிட்டேன்னு சொல்லிடு.'"