காற்றைக் கூட்டக் கூடாது

மீன்தொட்டி ஃபில்டரின் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த பஞ்சை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டுப் பிரித்தபோது முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வெட்டி விழுந்த நகத்துணுக்கு அளவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், ஒரு மூக்கு. பிறந்து விடிவதற்குள் உறிஞ்சப்பட்ட கடல்குதிரைக் குஞ்சுகள். பல்குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். பதினொன்று. தாய்க்குதிரை உறிஞ்சுகுழாயின் வாயில் வால் சிக்கிச் செத்திருந்தது. தகப்பன் மட்டும் தொட்டியின் மூலையில் ஒரு பாசித்தண்டைப் பிடித்தபடி நின்றது. இவற்றில் சுமப்பதும் பெறுவதும் ஆண்தான் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

முப்பது வருடமாக நான் பம்ப் மெக்கானிக். ஏழாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஃபோர்ஸ்’. குழாயைத் திறந்தால் வாளி ஆட வேண்டும், அப்போதுதான் எனக்கு வேலை முடிந்ததாகக் கணக்கு. அப்படிப்பட்டவன் வீட்டில் மகள் வைத்த ஒரு தொட்டி. பெரிய பாத்திரத்தின் அளவுதான். உள்ளே சுண்டுவிரலில் பாதி உயரத்தில் இரண்டு குட்டைக் கடல்குதிரைகள். மூலையில் ஒரு ஸ்பாஞ்ச், அதன் தலையில் ஒரு குழாய், குழாயிலிருந்து யோசித்து யோசித்து வெளியே வரும் குமிழிகள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

மகள் வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மாதம் அறையிலேயே கிடந்தாள். நான் சும்மா இருந்தேனா? போர்வையை இழுத்தேன், விளக்கைப் போட்டேன், எழுந்திரு, குளி, நாலு இடத்தில் வேலை கேள் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். ஒருநாள் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். மனநல மருத்துவமனையில் சேர்த்துப் பன்னிரண்டு நாளாகிறது. கிளம்பும்போது தொட்டியைக் காட்டி அவள் சொன்னது இவ்வளவுதான்.

“வயித்துல குட்டி இருக்கு. காத்தை மட்டும் கூட்டிடாதீங்கப்பா.”

நான் கூட்டவில்லை. ஃபில்டரையே மாற்றிவிட்டேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அவள் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று பக்கவாட்டில் தொங்கும் மோட்டார் ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரே நாளில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பழைய ஸ்பாஞ்சை சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்தேன். அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன் என்பதை இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

என் மனைவி வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“அவகிட்டயும் இப்படித்தாங்க பண்ணினோம்.”

‘பண்ணினீங்க’ என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மீன் கடைக்காரர் பொறுமைசாலி. நான் உறிஞ்சுகுழாயின் வாயில் வலை கட்டினால் போதாதா என்று கேட்டேன். வலை குஞ்சைத் தடுக்கும், ஓட்டத்தைத் தடுக்காது என்றார். இவை துரத்திச் சாப்பிடும் மீன் இல்லை, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும், இறால்குஞ்சு மூக்குக்கு நேரே மிதந்து வந்தால்தான் வாயைத் திறக்கும், தண்ணீர் ஓடினால் சாப்பாடும் ஓடிவிடும் என்றார். ஸ்பாஞ்ச்தான் ஒரே வழி. அதிலும் நுண்ணிய துளை உள்ளது வேண்டும். பொடிக்குமிழி விடும் கல் கூடாது. காற்றுக்குழாயில் ஒரு வால்வு வைத்து, முடிந்தவரை குறைக்க வேண்டும். எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பழைய ஸ்பாஞ்சை என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அதுலதான் சார் உயிரே இருந்துச்சு. அழுக்கைத் தின்னுற கிருமி. புதுசுல அது ஊறி வர்றதுக்கு மாசக்கணக்காகும், அதுவரைக்கும் அழுக்கு தண்ணியில விஷமா நிக்கும்.”

தன் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாமல் கொட்டும் பூச்சி ஒட்டியிருக்கலாம், சின்ன உடம்பு தாங்காது என்றும் அவரே சொன்னார். ஊறியதில் பூச்சி, புதியதில் விஷத் தண்ணீர். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு மோட்டார் எரிந்த வாசனையை வைத்தே எந்தச் சுருள் போயிற்று என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் புதியதை எடுத்தேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீரை மாற்றிப் பாருங்கள், பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தோம். மகளை நர்ஸ் கூட்டிவந்தார். போன வாரம் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனேன்.

“குட்டி போட்டுச்சாப்பா?”

அவளாக வாயைத் திறந்து கேட்கிறாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“போட்டுச்சும்மா.”

“எத்தனை?”

“பதினொண்ணு.”

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். பத்து முடிந்ததும் தேடி, அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கினாள். அப்புறம் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. கொண்டுபோன சோற்றை வாங்கி, டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, டாக்டரிடம் சொல்கிறேன், இப்படியே சாப்பிட்டால் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

வரும்போது பஸ்ஸில் மனைவி காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை மாற்றிவிட்டு, தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்தேன். ஆண் குதிரை பாசித்தண்டை விட்டு, நான் மாட்டிய புதிய ஸ்பாஞ்சின் குழாயில் வாலைச் சுற்றிக்கொண்டிருந்தது. சொட்டுக்குழலில் இறால்குஞ்சுகளை எடுத்து அதன் மூக்கருகே விட்டேன். அவை மெல்ல மிதந்து வந்தன. அது வாயைத் திறக்கவில்லை. வால்வை விரல் நுனியால் மயிரிழை குறைத்தேன். ஒரு குமிழி வந்தது. அடுத்தது வரக் காத்திருந்தேன். குழாய் அதிரும்போதெல்லாம் அந்த வால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது.