முட்டுக்கொடுத்த முழங்கால்

என் தம்பிக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆசைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பந்தயக் குழுவில் சேர மூன்று வருடமாக முட்டி மோதுகிறான். பந்தயத் தடத்தை இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். இவனுக்கு இன்னும் மூன்று நொடி அதிகமாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கடைசித் தேர்வு. அதற்குப் பிறகு அவன் வயதுக்காரர்களை எடுக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, என் மெக்கானிக் பட்டறைக்கு ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். இஞ்சின் வேகத்தைக் கூட்டும் டர்போ, பெரிய சைலன்சர், பின்னால் ஓர் இறக்கை என்று எழுதியிருந்தது.

“இறக்கை எதுக்குடா, பறக்கப் போறியா?”

“கிண்டல் பண்ணாதக்கா. டர்போ மட்டுமாவது போட்டுக் குடு.”

“இஞ்சின் சூடாகும்டா. உன் மாமா வந்து விசிறிக்கிட்டு நிப்பாரா?”

போன வருடம் நான் சொல்லித்தான் நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டோம். ஆறு நொடி குறைந்தது. அதோடு சரி. இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை, வேறென்ன? அதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

காகிதத்தைப் பிடுங்கப் போனேன். பின்வாங்கியவன் நொண்டினான்.

“காலுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“காட்டுடா.”

பேன்ட்டைச் சுருட்டினான். முழங்காலின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

“வளைவுல சீட்டு வழுக்குதுக்கா. சரிஞ்சு விழாம இருக்க முழங்காலைக் கதவுல முட்டுக்குடுத்துப்பேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுப்பேன். எல்லாரும் அப்படித்தானே?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் காரின் ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பார்த்த மகராசி, ஓடும்போது ஒருநாளாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனா? உடம்பைத் தாங்கவே இரண்டு கையும் போய்விட்டால், வண்டியை எதைக்கொண்டு திருப்புவான்?

“அப்படி யாரும் ஓட்ட மாட்டாங்கடா, மடையா,” என்றேன். மடச்சி நான்தான்.

காகிதத்தில் டர்போவைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இடுப்பையும் விலாவையும் இறுக்கிப் பிடிக்கிற பந்தய சீட்டும் தோள் பெல்ட்டும் வாங்கி மாட்டினேன்.

“சீட்டா ஓடப்போகுது?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

“உக்காந்து பாரு, அப்புறம் பேசு.”

ஞாயிறன்று வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் இரண்டு சுற்றும் சொதப்பல். மூன்றாவது சுற்றில், எப்போதும் தடுமாறுகிற வளைவில் கார் சிணுங்காமல் திரும்பியது. பலகையில் ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி என்று விழுந்தது. “அடப்பாவி!” என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர் பயந்துபோனார்.

இறங்கி வந்தவன் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அக்கா, இன்னிக்குத்தான் நான் காரை ஓட்டினேன். இத்தனை நாளா சரிஞ்சு விழாம உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.”

“நீ நல்லாத்தான்டா ஓட்டுற,” என்றேன். இதை ஒருமுறைகூட நான் அவனிடம் சொன்னதில்லை.

வெகுநேரம் அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே அழுகிறான் என்று தெரிந்தது. மறைத்துக்கொள்ள என்னிடம்தான் ஹெல்மெட் இல்லை.